ஐந்தாவது ஃபவுல்

"ஆர்டித் அத்தை எத்தனை தப்பு பண்ணினாங்கன்னு மட்டும் போட்டிருக்கீங்களே, மிஸ்டர் ஜான்ஸ்மா. அவங்க நல்லது ஒண்ணுமே பண்ணலையா?"

கேட்டது மாரிட். வயது ஏழு. ஞாயிறு ஆராதனை முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஹாம் வைத்த பன்னும் உருளைக்கிழங்கு சாலடுமாக எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அவள் கையில் எங்கள் ஊர் வாரப் பத்திரிகை. அதில் என் பட்டியல் வந்திருந்தது. ஆர்டித் டெ பூர் என்ற பெயருக்கு நேராக மூன்றே எண்கள்தான் இருந்தன. ஆடிய ஆட்டங்கள் அறுபத்தொன்று. ஆட்டத்துக்குச் சராசரி ஃபவுல் இரண்டு. ஐந்து ஃபவுல் சேர்ந்து வெளியேறியது ஒரு முறை. கடைசியில் தடித்த எழுத்தில், வாய்ப்பு: நான்கு சதவீதம்.

அது தப்பு இல்லை, ஃபவுல் என்று சொல்லி வைத்தேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் கேட்டாள். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கணக்கு வாத்தியாருக்கே பரீட்சை வைக்கிறாள் பார் என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். ஆனால் கையிலிருந்த பன்னை அதற்குமேல் தின்ன முடியவில்லை.

நியூ லெர்டம் பள்ளியில் முப்பத்தாறு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு கணினியில் ஒரு வேலையைப் பழகிக்கொண்டேன். எங்கள் வட்டாரத்தில் பெண்கள் கூடைப்பந்துக்கென்று ஒரு புகழ் மன்றம் இருக்கிறது. வருடத்துக்கு நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து அவர்கள் படத்தைச் சுவரில் மாட்டுவார்கள். இதுவரை உள்ளே போனவர்களின் எண்களையும், பெயர் சொல்லப்பட்டும் போகாதவர்களின் எண்களையும் கணினிக்குக் கொடுத்தால், புதிதாக ஒரு பெயர் வரும்போது இவர் உள்ளே போக நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று அது சொல்லும். ஐந்து வருடத்தில் இருபது பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் பதினேழு பேரை என் பட்டியல் முன்கூட்டியே சொல்லிவிட்டது. ஊரில் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். நானும் என்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டேன்.

மூன்று வருடம் முன்பு, குழுவின் தலைவி மார்லிஸ் வான் ஸீ ஒரு செய்தி சொன்னாள். பெயர்கள் நிறைய வருகின்றனவாம், எல்லாவற்றையும் பேச நேரமில்லையாம். அதனால் என் பட்டியலில் பத்து சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களை மேசைக்கே எடுப்பதில்லையாம். நான் தடுத்திருக்க வேண்டும். மழை வரும் என்று சொல்கிறவன் மழையைப் பெய்ய வைக்கிறவன் ஆகக் கூடாது. அது தெரிந்தும் எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

மாரிட்டுக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் அயோவா மாநிலத்தில் பெண்கள் ஆட்டம் ஆறு பேர் ஆட்டம். மூன்று பேர் எறிபவர்கள், மூன்று பேர் காப்பவர்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. எறிபவர்கள் அந்தப் பக்கம் புள்ளி சேர்ப்பார்கள், ஓர் ஆட்டத்தில் நாற்பது புள்ளி எடுத்தவர்கள் உண்டு. காப்பவர்கள் இந்தப் பக்கம் எதிரியின் எறிபவர்களை மறிப்பார்கள். காப்பவள் ஒருத்தி நான்கு வருடம் ஆடினாலும் ஒரு முறைகூடக் கூடையைப் பார்த்துப் பந்தை எறிய முடியாது. ஸ்கோர் நோட்டில் அவள் பெயருக்கு நேரே எழுத ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஃபவுல். அவள் நிறுத்திய பந்துகளுக்குக் கட்டமே கிடையாது.

நான் அந்த நோட்டுகளிலிருந்து எண்களை எடுத்தேன். இருந்ததை எடுத்தேன், இல்லாததைப் பற்றி யோசிக்கவில்லை. அதனால் என் கணக்கில் எறிபவளை அவள் செய்த நல்லதை வைத்து அளந்தேன், காப்பவளை அவள் செய்த குற்றத்தை வைத்து அளந்தேன். இதைக் கண்டுபிடிக்க ஏழு வயதுக் குழந்தை வேண்டியிருந்தது.

அன்று பிற்பகல் கணினியைத் திறந்தேன். சும்மா பார்க்கலாம் என்று, ஆர்டித்தின் வரிசையில் 'வெளியேறியது: 1' என்பதை எடுத்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். நான்கு சதவீதம் பதினொன்று ஆனது. பத்துக்கு மேல்.

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏனென்றால் அந்த ஒன்றை எழுதியவன் நான்தான். கணினியில் அல்ல, 1971 மார்ச்சில், பென்சிலால்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. எங்கள் பள்ளி அரங்கில் மாவட்ட இறுதி ஆட்டம். ஜெயித்தால் தலைநகர் டெ மாய்னில் மாநிலப் போட்டி. உள்ளூர் நோட்டுதான் அதிகாரபூர்வ நோட்டு, அதை எழுதியது நான். பக்கத்து நாற்காலியில் எதிரணியின் நோட்டோடு ஒரு பெண். ஃபவுல் நடந்தால் நடுவர் மேசைப் பக்கம் திரும்பி, செய்தவளின் சட்டை எண்ணை இரண்டு கை விரல்களாலும் காட்டுவார். ஒரு கையில் முதல் இலக்கம், மறு கையில் அடுத்தது. அவர் நம்மைப் பார்த்து நிற்பதால் அவருடைய வலது நமக்கு இடது. புதிதாக எழுதுகிறவர்கள் தடுமாறும் இடம் அது. இரண்டாம் கால் பகுதியில் நடுவர் நாற்பத்திரண்டைக் காட்டினார். அது ஜோலீன் ரென்ஸ். நான் இருபத்து நான்கு என்று எழுதினேன். அது ஆர்டித்.

கடைசிக் கால் பகுதியில் ஆர்டித் மீது ஒரு ஃபவுல் வந்தபோது என் நோட்டில் ஐந்து ஆனது. மணியை அடித்தேன். அடித்த பிறகுதான் பக்கத்து நோட்டு கண்ணில் பட்டது. அதில் இருபத்து நான்குக்கு நேராக நான்கு. நான் பார்ப்பதைக் கண்ட அந்தப் பெண் மெதுவாக முழங்கையை நோட்டின் மேல் வைத்துக்கொண்டாள். அவளுடைய அணிக்குத்தானே லாபம்.

நடுவரைக் கூப்பிட்டிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் அரங்கம் முழுக்க என்னையே பார்த்தது. முன் வரிசையில் என் அப்பா இருந்தார். பயிற்சியாளர் ஆர்டித்திடம், நாலா ஐந்தா என்று கேட்டார். அவள் மேசையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஐந்துதான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அதுவரை பதினான்கு புள்ளியில் அவள் மறித்து வைத்திருந்த பெண், மீதி ஆறு நிமிடத்தில் பதினொன்று எடுத்தாள். மூன்று புள்ளியில் தோற்றோம்.

ஐம்பத்து மூன்று வருடமாக நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. ஆண்டவரிடம் பல முறை சொல்லி மன்னிப்பும் கேட்டுவிட்டேன். கேட்க வேண்டிய இன்னொருத்தி மூன்று தெரு தள்ளி இருந்தாள்.

இப்போது திரையில் பதினொன்று என்று நின்றபோது எனக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல, நிம்மதி. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. 'சிறு திருத்தம்' என்று மார்லிஸுக்கு ஒரு வரி அனுப்பினால் போதும், ஆர்டித்தின் பெயர் மேசைக்கு வந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு வரி எழுதியும் விட்டேன். பிறகு, அந்த மேசையில் அவளைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று யோசித்தேன். பேசுவதற்கு என் பட்டியல் கொடுத்தது ஃபவுல் மட்டும்தான். எழுதியதை அழித்தேன்.

திங்கள் காலை மார்லிஸின் பூக்கடைக்கு நேரில் போனேன். காப்பவர்கள் விஷயத்தில் என் பட்டியல் ஒன்றுக்கும் உதவாது என்றேன். அவள் ரோஜாத் தண்டுகளை வெட்டிக்கொண்டே கேட்டாள். குழு சனிக்கிழமை கூடுகிறது, அன்று பேச வேண்டிய பெயர்கள் முடிவாகிவிட்டன, ஆர்டித்தை முன்மொழிந்து இது மூன்றாவது வருடம், விதிப்படி இதுவே கடைசி. நான் என்ன செய்ய முடியும் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, கத்திரியைக் கீழே வைத்தாள்.

"அவங்க என்ன பண்ணினாங்கன்னு காட்ட ஏதாவது கொண்டு வாங்க. சனிக்கிழமைக்குள்ள. ஆனா கண்ணீர்க் கதை வேண்டாம் ஹார்லன், அது எங்ககிட்ட நிறைய இருக்கு."

என்ன கொண்டுவர வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எதிரணியில் ஆர்டித் மறித்த பெண் மற்ற ஆட்டங்களில் சராசரியாக எத்தனை புள்ளி எடுத்தாள், ஆர்டித்துக்கு எதிராக எத்தனை எடுத்தாள். புள்ளிகள் பழைய பத்திரிகைகளில் இருக்கும், நூலகத்தில் கட்டுக் கட்டாக வைத்திருக்கிறார்கள். ஆனால் யாரை யார் மறித்தார்கள் என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. அது ஆர்டித்துக்கு மட்டுமே தெரியும்.

அவள் இன்னமும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். காலைச் சுற்று முடிந்து, கொட்டகையில் பேருந்தின் உள்ளே துடைப்பத்தோடு நின்றாள். பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு ஏறினேன்.

"என்ன வாத்தியாரே, பஸ் பாஸ் இருக்கா?" என்றாள்.

வந்த காரியத்தைச் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு முன் இருக்கையில் உட்கார்ந்து, 1969-இலிருந்து ஆரம்பித்தாள். ஊர், பெண்ணின் பெயர், எந்தக் காலை முதலில் வைப்பாள், எந்தத் தோளால் இடிப்பாள் என்பதுவரை சொன்னாள். சென்டர்வேலி பள்ளிக்காரி இடது பக்கம்தான் திரும்புவாளாம். அதனால் இடது பக்கத்தை அவளுக்குக் காட்டவே இல்லையாம். இன்னொருத்தி எறியும் முன் நாக்கை நீட்டுவாளாம், அதுவரை காத்திருந்து குதித்தால் போதுமாம். நான் எழுதிக்கொண்டே போனேன். ஒரு மனிதரின் இத்தனை வேலை எந்தத் தாளிலும் இல்லாமல் இருந்திருக்கிறதே என்று தோன்றியது.

கடைசி வருடத்தில் மாவட்ட இறுதிக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"இதை விட்டுடு. இது நான் முழுசா ஆடலை."

பென்சிலை மடியில் வைத்தேன். "ஆர்டித், அன்னிக்கு உனக்கு நாலுதான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"எண்ணத் தெரியாதவ எங்க பக்கம் ஆட முடியுமா? ரெண்டுன்னா கையை நீட்டலாம். நாலுன்னா கையை உடம்போட ஒட்டி வச்சுக்கணும். அதுதானே எங்க பிழைப்பு." துடைப்பத்தை எடுத்து இருக்கைக்கு அடியில் கிடந்த ஒரு கையுறையை இழுத்தாள். "அது ஜோலீனோடது. கையை இப்படிக் காட்டினாரு. நீ திருப்பிப் படிச்சிட்டே."

என் பக்கத்து நோட்டைப் பார்த்ததையும் சொன்னேன். தெரிந்தே சும்மா இருந்தேன் என்பதையும் சொன்னேன். அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தச் சின்னக் கையுறையை முழங்காலில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

"அப்போ ஏன் அஞ்சுன்னு சொன்னே?" என்று கேட்டேன்.

"உங்க அப்பா முன் வரிசையிலே இருந்தாரு. அதுக்கு முந்தின வாரம்தான் பன்னிக் கொட்டடிக் கதவைச் சாத்த மறந்ததுக்கு உன் காதுலே ரத்தம் வர்ற மாதிரி அடிச்சிருந்தாரு. ஸ்கூல் பஸ்ஸிலே எனக்கு முன் சீட்டிலேதான் உட்கார்ந்திருந்தே. காலர்லே கறை இருந்துச்சு. ஊரே பார்க்க நீ தப்பு பண்ணினேன்னா அன்னிக்கு வீட்டிலே என்ன நடக்கும்னு எனக்குத் தோணுச்சு. அவ்வளவுதான்."

என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"உடனே என்னை ரொம்ப நல்லவளாக்கிடாதே," என்றாள். "ஒரு வருஷம் உன்னைக் கண்டாலே எரிஞ்சுது. கோவில்லே உங்க பெஞ்சுக்குப் பின்னாடி உட்கார்றதை விட்டேன். ஆறு நிமிஷம் ஹார்லன். அந்த ஆறு நிமிஷம் நான் இருந்திருந்தா அவளுக்கு நாலு புள்ளிகூடக் கிடைச்சிருக்காது."

அந்தச் சுவரில் அவள் படம் வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வது வழக்கம்.

"வேணும்," என்றாள். "மூணு வருஷமா ஜனவரியிலே பேப்பரைப் பிரிச்சதும் முதல்ல உன் பட்டியலைத்தான் பார்க்கிறேன். நாலு சதவீதம், மூணு சதவீதம், நாலு சதவீதம். அந்தச் சுவர்லே எங்க பக்கத்து ஆளு ஒருத்திகூட இல்லை. எல்லாம் எறிஞ்சவங்க. எனக்கு வேணும்தான்."

அப்படியானால் சனிக்கிழமை குழுவின் முன் அந்த ஃபவுலைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் எழுந்து நின்றாள்.

"சொல்லாதே. பாவம்னு உள்ளே விடுவாங்க. நான் பாவமா ஆடலை. நான் மறிச்சவங்க பேரைச் சொல்லு, கணக்கைச் சொல்லு. அது போதும்னா எடுத்துக்கட்டும். உனக்கு மனசு லேசாகணும்கிறதுக்காக என் பேரை உபயோகிக்காதே."

வாக்குக் கொடுத்தேன்.

நான்கு நாள் நூலகத்தில் பழைய தாள்களைப் புரட்டினேன். அறுபத்தொரு ஆட்டங்களில் நாற்பத்து நான்குக்குப் புள்ளிவிவரம் அச்சாகியிருந்தது. அவற்றில் ஆர்டித் சொன்ன பெயர்கள் முப்பத்தெட்டு ஆட்டங்களில் பொருந்தின. மீதி ஆறில் யாரை மறித்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை; சொன்னதில் ஒரு பெயர்கூடத் தவறில்லை. அந்தப் பெண்கள் மற்றவர்களுக்கு எதிராக எடுத்த சராசரி இருபத்தொன்பது. ஆர்டித்துக்கு எதிராகப் பதினெட்டு. பதினொரு புள்ளியை ஒவ்வொரு ஆட்டத்திலும் அவள் காற்றிலிருந்து பிடித்து வைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை குழுவின் முன் அந்த ஒரு பக்கத்தை வைத்தேன். என் பட்டியலை இனி வெளியிடுவதில்லை என்றும், காப்பவர்களைப் பொறுத்தவரை அது இதுவரை சொன்னதெல்லாம் பொய் என்றும் சொன்னேன். மார்லிஸ் தாளை இரண்டு முறை படித்தாள். இதை இரண்டு வருடம் முன்பே கொண்டு வந்திருக்கக் கூடாதா என்றாள். கொண்டு வந்திருக்க வேண்டும் என்றேன். ஏழு பேரில் ஐந்து பேர் கை தூக்கினார்கள். ஆர்டித் டெ பூர் அந்த வருடத்தின் நான்காவது பெயரானாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் எனக்கு வலித்தது. வாரப் பத்திரிகை முதல் பக்கத்தில் என் படத்தைப் போட்டது. மறந்துபோன காப்பவளைக் கணக்கு வாத்தியார் கண்டெடுத்தார் என்று எழுதியது. தபால்காரர் கை குலுக்கினார். ஞாயிறன்று போதகர் தம் ஜெபத்தில், ஒதுங்கி நின்றவர்களைத் தேடிப் பார்க்கும் கண்களுக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னார். பக்கத்தில் இருந்தவர் புதினா மிட்டாயை நீட்டியபடி என் தோளைத் தட்டினார். இரண்டு வரிசை முன்னால் ஆர்டித் நேராக உட்கார்ந்திருந்தாள், திரும்பவில்லை. எழுந்து நின்று கத்திவிடலாம் போலிருந்தது. ஆனால் வாக்கு வாக்குதான். பாராட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் அடி எதுவும் அவ்வளவு நேரம் நீடித்ததில்லை.

ஏப்ரலில் விழா. படத்துக்குக் கீழே ஓர் அட்டை வைப்பார்கள். ஆடிய வருடங்கள், ஆட்டங்கள், எண்கள். எண்களை எடுத்துக் கொடுப்பது எப்போதும் என் வேலை. ஆர்டித்தின் அட்டையில், அவள் மறித்தவர்கள் எடுத்த சராசரி என்று ஒரு புதிய வரியைச் சேர்த்தேன். குழு அதற்குச் சம்மதித்திருந்தது. மற்ற வரிகளை யாரும் கேட்கவில்லை. நோட்டைப் பார்த்து எழுதுகிறவன் நான், நோட்டை எழுதியவனும் நான். இந்த மாநிலத்தில் வேறு யாரும் அதைத் திறந்து பார்க்கப் போவதில்லை.

விழா நாளன்று காலை மார்லிஸிடம் சாவி வாங்கிக்கொண்டு மன்றத்துக்குத் தனியாகப் போனேன். நாற்காலிகள் இன்னும் அடுக்கியபடி இருந்தன. ஆர்டித்தின் படம் மாட்டப்பட்டிருந்தது: பதினெட்டு வயது, இருபத்து நான்காம் எண், முழங்காலில் கட்டு. அட்டையைச் சட்டத்துக்குள் செருகி, கோணல் இல்லாமல் இரண்டு விரலால் அழுத்தினேன். கடைசி வரியை ஒரு முறை படித்தேன்.

ஐந்து ஃபவுலால் வெளியேறிய ஆட்டங்கள்: இல்லை.

விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டினேன்.